போன மாடல்ல இது இல்லீங்க

அவன் பேரை நான் சொல்லப்போறதில்ல. அவன் வெச்சிருந்த வண்டி எந்தக் கம்பெனின்னும் சொல்லமாட்டேன். அவனுக்கும் அவன் வண்டிக்கும் இதுவரைக்கும் நான் பண்ணின ஓசி விளம்பரம் போதும். தேவிகுளத்துல இருந்து கம்பம்மெட்டு வரைக்கும் ரோட்டோரம் எந்த டீக்கடையில போய் "அந்தப் பாலக்காட்டுத் தம்பி"ன்னு கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே அடையாளம் சொல்லுவாங்க. அதே கடைகள்ல நான் பல வருஷமா டீ குடிக்கிறேன். என்னைக் கேட்டா, "யாரு, அந்த மீசைக்காரரா?"ம்பாங்க. எனக்கு மீசையே கிடையாது.

என் தொழிலைச் சொல்லிர்றேன். சென்னை, பெங்களூரு, கொச்சின்னு ஊர் ஊராப் பெரிய பெரிய பைக்குல கூட்டமா வருவாங்க. ரிசார்ட்டுல தங்குவாங்க. அவங்களைத் தேயிலைக்காடு, ஏலக்காடுன்னு மலைப்பாதையில கூட்டிட்டுப் போய்க் காட்டணும். முன்னால போறது முன்வண்டி. கடைசியா வர்றது வால்வண்டி. முன்வண்டிக்காரன் ஹெல்மெட்டுல மைக் உண்டு. அவன் பேசுறது பின்னால வர்ற எல்லார் காதுலயும் கேக்கும், அவங்க பேசுறது அவனுக்கும் கேக்கும். எங்க நிக்கணும், எங்க போட்டோ எடுக்கணும், எந்த வளைவுல மெல்ல வரணும், எல்லாம் அவன் வெச்சதுதான் சட்டம். வால்வண்டிக்காரன் விழுந்தவனைத் தூக்கணும், பஞ்சர் பாக்கணும், மிச்ச நேரத்துல தூசி திங்கணும்.

முன்வண்டி நான்தான். எங்கப்பாவும் ஆத்தாவும் எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க. காட்டுக்குப் போகையில கங்காணி முன்னால நடப்பாரு, இவங்க பின்னால நடப்பாங்க. கடைசிவரைக்கும் அப்படித்தான் நடந்தாங்க. எங்க குடும்பத்துல முன்னால போன மொத ஆள் நான். அதனால அந்த இடம் எனக்கு வெறும் சம்பளம் இல்ல, பாத்துக்கோங்க.

என் வண்டியும் லேசுப்பட்டது இல்ல. மலை, காடு, மண்ணு, கல்லு எல்லாத்துக்கும்னே செஞ்ச பெரிய டூரிங் பைக்கு. கோட்டயத்துக்காரர் ஒருத்தர் ஓட்டி அலுத்துப்போய்க் கொடுத்ததை வாங்கி, பிள்ளை மாதிரி வெச்சிருந்தேன். அந்தப் பக்கத்துல அது ஒண்ணுதான். ரிசார்ட்டு வாசல்ல அதை நிறுத்தினா வர்றவன் போறவன் எல்லாம் ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போவான்.

இப்படி ராஜா மாதிரி இருந்தப்பதான் அவன் வந்து சேந்தான். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் வயலுமா இருக்கிற வீட்டுப் பிள்ளை. ஒரே பையன். சோத்துக்கு வேலை செய்யணும்னு அவசியமே கிடையாது. மலை பிடிச்சுப்போச்சாம், ஏறி வந்துட்டான். கெட்ட நேரம் பாருங்க, அவன் ஏறி வந்தது என் வண்டியேதான். அதே கம்பெனி, அதே பேரு. ஆனா மேம்படுத்தின புது மாடல்.

ரிசார்ட்டு வாசல்ல என் வண்டிக்குப் பக்கத்துலயே கொண்டாந்து நிறுத்தினான். இறங்கினான். என் வண்டியைச் சுத்தி ஒரு தடவை நடந்தான். குத்துக்காலிட்டு உக்காந்து எஞ்சினைப் பாத்தான். அப்புறம் முகமெல்லாம் சந்தோஷமா என்னைப் பாத்து,

"அண்ணா, அருமையா வெச்சிருக்கீங்க. காத்துத் தடுக்கிற கண்ணாடி மட்டும் போன மாடல்ல சின்னதுங்க. இப்ப உசரமாக்கிட்டாங்க"ன்னான்.

போன மாடல்! அதுவரைக்கும் என் வண்டிக்கு அப்படி ஒரு பேரு இருக்குன்னே எனக்குத் தெரியாது. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல.

அவன்கிட்ட கள்ளம் கபடம் கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கல. என்னை மட்டம் தட்டணும்னு சொல்லியிருந்தா நானும் திருப்பி ரெண்டு குடுத்திருப்பேன். அவனுக்கு உலகத்துல எல்லாமே நாளுக்கு நாள் நல்லாயிக்கிட்டே வருதுன்னு நினைப்பு. வண்டி மட்டுமில்ல. டீக்கடையில டீ வாங்குவான், நாற்காலி இருந்தாலும் உக்காரமாட்டான், வண்டிக்குப் பக்கத்துல குத்துக்காலிட்டு ஒரு மொடக்குக் குடிப்பான். "போன வாரம் இந்த மணம் இல்லீங்க அக்கா"ம்பான். அந்தம்மா அடுத்த டீயை அவனுக்கு ஸ்ட்ராங்காப் போடும். எனக்கு அதே பழைய கழனித்தண்ணி.

என் வீட்டுக்காரி முத்துமாரி இருக்காளே, அவ எந்த மனுஷனையும் அவ்வளவு சீக்கிரம் மதிக்கிறவ இல்ல. ஒரு நாள் அவனைச் சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொன்னா. கூட்டிட்டு வந்தேன், என் தலையெழுத்து. புளிக்குழம்பை ஊத்திப் பிசைஞ்சு வாயில வெச்சான். கண்ணை மூடினான்.

"அக்கா, போன தடவை அண்ணன் டப்பாவுல கொண்டாந்தாருங்க, நானும் ஒரு வாய் தின்னு பாத்தேன். அதுல இந்த வெந்தயம் இல்லீங்க."

"ஆமா தம்பி! போன தடவை வெந்தயம் தீந்துபோச்சு!" முத்துமாரிக்கு முகத்துல பல்பு எரியுது. "இந்த மனுஷன் எத்தனை வருஷமாத் திங்கிறாரு. வெந்தயம் போட்டேனா, வேப்பங்கொட்டை போட்டேனான்னு ஒரு நாள் சொன்னதுண்டா?"

அவன் போனப்புறம் தட்டைக் கொஞ்சம் வேகமா வெச்சுட்டேன் போல. "என்ன, வயிறு எரியுதா? மோர் தரட்டுமா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சா. எரியத்தான் செஞ்சுது. மோருக்கெல்லாம் அடங்குற எரிச்சலா அது?

இது போதாதுன்னு, அவனுக்கு அந்தக் கம்பெனியோட சரித்திரம் வேற மனப்பாடம். சாயங்காலம் ரிசார்ட்டு புல்தரையில விருந்தாளிங்க டீயும் வாழைக்காய் பஜ்ஜியுமா உக்காந்திருப்பாங்க. யாராவது ஒருத்தர் "நல்ல வண்டி"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவன் ஆரம்பிச்சுருவான்.

"இவுங்க முதல்ல வண்டியே செய்யலீங்க. தண்ணி எறைக்கிற பம்பு செஞ்சாங்க. அங்கயும் நம்ம ஊராட்ட மலைக்காட்டு விவசாயம்தானுங்க..."

ஏதோ தூர தேசத்துல, பனி பெய்யிற மலையடிவாரத்துல ஒரு கிழவனாரு. பம்பை மலைமேல இருக்கிற தோட்டத்துக்குச் சுமந்துட்டுப் போகணும்ங்கிறதுக்காக ஒரு வண்டி செஞ்சாராம். பம்பு விக்கல, வண்டி வித்துச்சாம். பட்டறை ஒரு தடவை எரிஞ்சுது. அப்புறம் ஒரு தடவை திவாலாச்சு. வேலைக்காரங்க கூலி வாங்காம வந்து வேலை செஞ்சு மறுபடி நிமித்தினாங்களாம். அது வரைக்கும் எல்லாரும் பஜ்ஜி தின்னுக்கிட்டே கேப்பாங்க. அடுத்த இடம் வந்ததும் பஜ்ஜி அப்படியே நிக்கும்.

"பெரியவருக்கு ஒரே பையனுங்க. புது வண்டியை மலையில ஓட்டிப் பாக்கிறது அவன்தான். ஒரு நாள் என்னமோ ஒரு பிரேக் லீவரைத் தளர்த்தி வெச்சிருக்கான். நடுவுல எஞ்சினை அணைச்சுப்போட்டு, உக்காந்து ரொட்டி தின்னுருக்கான். எந்திரிச்சு மறுபடி எடுக்கையில லீவர் ஞாபகம் வரலீங்க. பள்ளத்துல போயிட்டான்."

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துவான். சத்தியமாச் சொல்றேன், ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய் வண்டியோட டேங்கைத் தடவிட்டு வருவான்.

"அதுல இருந்துதானுங்க இவுங்க ஒரு முடிவு பண்ணுனாங்க. ஓட்டுறவன் எதை எப்படி மாத்தி வெச்சாலும் சரி, ஒரு தடவை அணைச்சு எழுப்புனா, வண்டி எல்லாத்தையும் பத்திரத்துக்குத் திருப்பிக்கோணும். அப்பன் மனசுங்க அது. போன மாடல்ல கூட அது அரைகுறைதானுங்க. இதுலதான் முழுசா வந்திருக்குது."

கூட்டம் உச்சுக் கொட்டும். நான் தள்ளி நின்னு பாத்துட்டிருப்பேன். எனக்கு என்ன எரிச்சல்னா, என் வண்டிக்கும் அதே கிழவனாருதானே அப்பன்! அந்தப் பம்பும், எரிஞ்ச பட்டறையும், செத்த பையனும் என் வண்டிக்கும் சொந்தம்தானே! ஒரு தடவையாவது எவனாவது என் வண்டிப் பக்கம் திரும்பிப் பாத்தானா? என் வீட்டுக் கதையை எதுத்த வீட்டுக்காரன் சொல்லிக் கைதட்டு வாங்குற மாதிரி இருந்துச்சு.

ஏலப்பாறையில என் மச்சினன் கல்யாணம் வந்துச்சு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் வண்டிதான்னு மாசக்கணக்கா பேச்சு. பூமாலை எல்லாம் அளவெடுத்துக் கட்டி வாங்கி வெச்சிருக்கேன். அன்னைக்குப் பாத்து மச்சினன் வந்து தலையைச் சொறியுறான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பாலக்காட்டு அண்ணன் வண்டியில போனா போட்டோவுக்கு நல்லாருக்கும்."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மாலையைப் பிச்சுப் போட்டிருப்பேன். அதுக்குள்ள பக்கத்துல நின்ன பாலக்காட்டுத் தம்பி சாவியை எடுத்து என் கையில வெச்சான். "நீங்களே ஓட்டுங்ணா. மாப்பிள்ளையை மாமன்தானுங்க கூட்டிட்டுப் போகோணும், அதுதான் முறை. நான் உங்க வண்டியில பின்னால வாரனுங்க."

அப்படித்தான் நான் அந்த வண்டியை ஓட்டினது. அந்த ஒரு நாள்தான். சனியன், நல்லா இருந்துச்சு! ஏலப்பாறைக் குளிருல கைப்பிடி தானாச் சூடாகுது. மச்சினன் பின்னால உக்காந்திருக்கிற கனமே தெரியல. நல்லா இல்லாம இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். இவன் இவ்வளவு நாளா அளந்தது எதுவுமே பொய் இல்லன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கண்ணாடியில பாத்தா, என் வண்டியில அவன் ஜம்முனு உக்காந்து வாரான், என் வண்டிக்கு வாங்கின மாலையில மிச்சத்தைக் கழுத்துல போட்டுக்கிட்டு.

இறங்கினதும் சொன்னான், "போன மாடல்ல காலுக்குச் சித்த சூடு அடிக்குதுங்ணா. புதுசுல மாத்திட்டாங்க."

அதுக்கடுத்த மழைக்காலம் முடிஞ்சதும் ரிசார்ட்டு மேனேஜர் சேட்டன் என்னைக் கூப்பிட்டாரு. மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாரு, நல்ல மனுஷன். மேசையில இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கிட்டே சொன்னாரு.

"கெஸ்ட் எல்லாம் அவன் கதை வர்த்தமானம் கேக்கணும்னு சொல்லுது. இனி அவன் முன்னால போகட்டே. நீ எக்ஸ்பீரியன்ஸ் உள்ள ஆளு. பின்னால நீ இருந்தா எனக்கு சமாதானம்."

எக்ஸ்பீரியன்ஸ்! வீட்டுக்கு வந்து முத்துமாரிகிட்ட சொன்னேன். அவ கேலி பண்ணுவான்னு பாத்தேன், பண்ணல. பக்கத்துல உக்காந்து என் முதுகைத் தடவி விட்டா. அதுதான் எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. எங்கப்பா கொழுந்துக்கூடையை மாட்டிக்கிட்டு கங்காணி முதுகைப் பாத்துக்கிட்டே போவாரே, அது கண்ணு முன்னால வந்துச்சு.

அப்புறம் நான் வால்வண்டி. காதுல முழுக்க அவன் குரல். "எல்லாரும் எடப்பக்கம் பாருங்க, மேகம் கீழ கெடக்குது பாருங்க." நான் காட்டின மேகம்! நான் கண்டுபிடிச்ச வளைவு! தூசியைத் தின்னுக்கிட்டே, இவன் ஒரு தடவையாவது தப்புப் பண்ணமாட்டானான்னு காத்துக்கிட்டிருந்தேன். விழணும்னு இல்ல. ஒரு தடவை வழி தவறணும், ஒரு தடவை மூஞ்சி அசடு வழியணும், அவ்வளவுதான்.

கம்பம்மெட்டுக்கு இறங்குற ஏலக்காட்டு ஜீப் ரோடு ஒண்ணு இருக்கு. மேல மேட்டுக் கருப்பன் கோயில். கோயில்னா ஒரு வேப்பமரம், ஒரு கல்லு, நாலு அருவா. அதைத் தாண்டினா நேர் இறக்கம், முழுக்கச் சரளைக்கல்லு, கடைசியில ஒரு கொண்டை ஊசி வளைவு. கருப்பன் முன்னால எந்த வண்டியும் உறுமக் கூடாது. ஏலக்காய் ஏத்தின ஜீப்பா இருந்தாலும் சரி, பெரிய வீட்டுக் காரா இருந்தாலும் சரி, அணைச்சுட்டு இறங்கி, திருநீறு பூசிட்டுத்தான் கீழ இறங்கணும். அப்புறம் முன்வண்டி தனியா இறங்கும். கீழ வளைவுல நின்னு கையைக் காட்டினாத்தான் மத்தவங்க ஒவ்வொருத்தரா இறங்கலாம். இது நான் வெச்ச முறை.

அன்னைக்குச் சென்னைக் கூட்டம். அந்த ரோட்டுல அவன் முன்வண்டியா வர்றது அதுதான் மொதத் தடவை. கருப்பன் முன்னால எல்லாரும் அணைச்சோம். அவன் பக்தியாச் செருப்புக் கூட இல்லாம போய்க் கும்பிட்டான், நெத்தி நிறைய பூசினான், விருந்தாளிங்களுக்கும் பூசி விட்டான். வண்டியை எழுப்பி இறங்கினான்.

அந்த வண்டியில பின் பிரேக்குக்கும் ஏபிஎஸ் உண்டு. சக்கரம் பூட்டிக்காம விட்டு விட்டுப் பிடிக்கும். தார் ரோட்டுல அது உயிரைக் காப்பாத்தும். சரளை இறக்கத்துல அதே வினை. அங்க சக்கரம் பூட்டி, கல்லை வாரிக்கிட்டு இழுபட்டாத்தான் வண்டி நிக்கும். அதனால மண்ரோடு வந்ததும் அதை அணைக்க ஒரு பொத்தான் வெச்சிருப்பான். இவனும் காலையில மண்ரோடு தொடங்கின இடத்துலயே அமுக்கினான், நானே பாத்தேன். ஆனா கருப்பனுக்காக எஞ்சினை அணைச்சான் இல்லையா? மறுபடி எழுப்பினதும் வண்டி எல்லாத்தையும் பத்திரத்துக்குத் திருப்பிக்கிச்சு. அப்பன் மனசு! ரொட்டி தின்ன பையன் கதையைத் தினமும் உருகி உருகிச் சொன்னவன், திருநீறு பூசின கையோட அதை மறந்துட்டான். எனக்கும் அந்த நேரத்துல உறைக்கல. உறைச்சிருந்தா கத்தியிருப்பேன். பொறாமை வேற, உயிர் வேற.

பாதி இறக்கத்துல காதுல அவன் குரல், "நிக்க மாட்டேங்குதுங்ணா." அவ்வளவுதான் சொன்னான். கீழ வளைவுல ஏலக்காட்டுப் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு ஒரு ஜீப் ஏறி வருது. அவன் ஒரு நொடி கூட யோசிக்கல. வண்டியை மேட்டுப்பக்கமா ஒடிச்சு ஏலச்செடிக்குள்ள விட்டுட்டான்.

நான் என் வண்டியை எடுத்தேன். மேல நின்னவங்களை எல்லாம் தாண்டி இறங்கினேன். பின் பிரேக்கை ஒரே மிதி. என் வண்டியில பின்னால அந்த வித்தை எல்லாம் கிடையாது. சக்கரம் பூட்டுச்சு, கல்லு பறந்துச்சு, போய் நின்னேன் பாருங்க, அவனுக்கு ஒரு கை தூரத்துல. என் ஆயுசுல அப்படி ஒரு இறக்கம் இறங்கினதில்ல. ஒரு ஆள் பாக்கல. எல்லாரும் அவனைப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

ஜீப்புல வந்த பொம்பளைங்க அத்தனை பேரும் அவனைச் சுத்தி. தலைத்துண்டை அவுத்து மண்ணைத் துடைக்கிறாங்க. "ஐயோ ராசா, எங்களுக்காக விழுந்தியே!"ன்னு ஒரு அம்மா அவன் தலையை மடியில தூக்கி வெச்சிருக்கு. நிமிந்து பாத்தா, அது என் சொந்தச் சித்தி. என் தலையை அவ இது வரைக்கும் தொட்டது கூட இல்ல.

தோள்பட்டை எலும்பு உடைஞ்சிருந்துச்சு. உசரமான கண்ணாடி ரெண்டாப் போயிருந்துச்சு. அவன் என்னைப் பாத்துச் சிரிச்சான்.

"பொத்தானை அமுத்த மறந்துபோட்டனுங்ணா. சாமிக்கு அணைச்சேன் பாருங்க..." மூச்சு வாங்கிக்கிட்டான். "போன மாடலா இருந்தா நின்னுருக்குமுங்க."

எத்தனை மாசம் அந்த வார்த்தைக்குக் காத்துக்கிட்டிருந்தேன்! நான் சொல்லணும்னு ராத்திரி ராத்திரியா மனசுல சொல்லிப் பாத்த வார்த்தை. அதையும் அவனே சொல்லிட்டான். சொன்னதும் சென்னைக்காரங்க கண்ணு கலங்கி நிக்கிறாங்க. "என்ன மனுஷன்யா!"ங்கிறான் ஒருத்தன். என் வண்டி ஜெயிச்சதுக்கும் அவனுக்குத்தான் பாராட்டு.

ரெண்டாம் நாள் மேனேஜர் சேட்டன் கூப்பிட்டு, இனி நான்தான் முன்வண்டின்னாரு. நெஞ்சு நிமிந்துச்சு. அடுத்த வார்த்தையிலயே, "ஆசுபத்திரியில கிடந்து அவன் போன்ல விளிச்சான். அண்ணனைத்தான் முன்னால விடணும்னு ஒரே நிர்ப்பந்தம். அதாக்கும்"ன்னாரு. நிமிந்த நெஞ்சு அப்படியே இறங்கிச்சு. என் இடம் எனக்குத் திரும்பி வந்தது கூட அவன் தயவுல.

அவங்கப்பா வந்து கார்ல கூட்டிட்டுப் போனாரு. எங்க வீட்டு வாசல்ல ஒரு குவியல் இளநியை இறக்கி வெச்சுட்டு, "என்ற பையனைப் பாத்துக்கிட்டீங்க"ன்னு கும்பிட்டாரு. முத்துமாரி அழுதா. என் முன்வண்டி இடம் போனப்போ கூட அழுதவ இல்ல அவ. அதுக்கப்புறம் அவன் இந்தப் பக்கம் வரல. தோப்பைப் பாத்துக்கிட்டு இருக்கானாம்.

இப்ப முன்வண்டி நான்தான். ஆனா வர்றவங்க வண்டி எல்லாம் புதுப் புது மாடலு. எதை அணைச்சு எழுப்பினாலும் அப்பன் மனசு வந்து உக்காந்துக்குது. அதனால கருப்பனைக் கும்பிட்டு முடிச்சதும், "எல்லாரும் பொத்தானை மறுபடி அமுக்குங்க"ன்னு நான் சொல்லியே ஆகணும். ஏன்னு கேப்பாங்க. சும்மா சொன்னா அமுக்கமாட்டாங்க, படிச்சவங்க. அதனால பாலக்காட்டுத் தம்பி கதையைச் சொல்லணும். அதுக்குப் பம்பு செஞ்ச கிழவனாருல இருந்து ஆரம்பிக்கணும். ரொட்டி தின்ன பையன்கிட்ட வந்து அவன் நிறுத்துற இடத்துலயே நானும் நிறுத்தவேண்டியிருக்கு, வேற எங்க நிறுத்தினாலும் கதை நிக்கமாட்டேங்குது.

போன வாரம் வந்த கூட்டத்துல ஒரு பொண்ணு. கதையைக் கேட்டுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிச்சு. "அண்ணா, அவர் இப்ப எங்க இருக்காரு? அவர்கூட ஒரு ட்ரிப் போக முடியுமா?"ன்னு கேட்டுச்சு.

"வண்டியை எடும்மா, நேரமாச்சு"ன்னேன்.

இறக்கத்துல நான்தான் முன்னால போனேன். கீழ வளைவுல நின்னு கையைக் காட்டினேன். அழகா ஒவ்வொருத்தரா இறங்கி வந்தாங்க. கம்பம்மெட்டு வர்ற வரைக்கும் என் ஹெல்மெட்டுக்குள்ள ஒரே பேச்சு. அவனைப் பத்தித்தான்.